நாலு விரல் வித்தியாசம்

நாகப்பட்டினம் மாவட்டக் கடைமடையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு ரெகுலேட்டருக்கு, அதாவது ஏற்றி இறக்கும் ஷட்டர் வைத்த மதகுக்கு, இளம் பொறியாளராகப் போய்ச் சேர்ந்தபோது, மதகு என்பது தண்ணீரைத் தேக்கவும் பங்கிடவும் கட்டப்படுவது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே வேலை வேறு. கல்லணையில் பிரியும் வெண்ணாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு எனக் கிளைத்துக் கிழக்கே வரவர, பெயர் மாறாமலே வடிகாலாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயல்களில் தேங்கும் மழைநீர் அந்த வழியாகத்தான் கடலுக்கு வடிய வேண்டும். ஓதம், அதாவது கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவது, ஏறும்போது உப்புநீர் உள்ளே வருவதும் அதே வழியாகத்தான்.

இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் வயல்களும் கடல்மட்டத்தை ஒட்டியே கிடப்பதால், அந்தக் குறைவே எங்களுக்குப் போதுமான தொல்லையாக இருந்தது. நாளுக்கு இருமுறை ஷட்டரை இறக்கி ஏற்ற வேண்டும். அந்த நேரமோ நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். காலை 6 மணிக்குத் திறக்கவும் என்று வந்த உத்தரவைக் கடல் ஒருநாளும் படித்ததில்லை.

ஒரு கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மேற்கே நிலம் வைத்திருந்தவர்கள் விடியும் முன்பே கரையில் வந்து நின்று, பயிர் அழுகுகிறது, உடனே திறங்கள் என்றார்கள். இருபக்க அளவுப் பலகைகளையும் பார்த்தேன். ஆற்றுப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. மதகைத் திறந்து மூடும் பணியாளரான, ஓய்வு பெறும் வயதிலிருந்த லஸ்கர், "சார், இன்னும் நாலு விரல் ஏறட்டும்" என்றார். கூட்டத்தின் முன் தயங்குவது எனக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றியதால், நீருக்கு மேலே வரும்வரை ஷட்டரைத் தூக்கச் சொன்னேன். வெங்காயத்தாமரை கடலை நோக்கி நகர்ந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி.

லஸ்கர் ஒன்றும் பேசாமல், கல் கட்டிய ஒரு பாட்டிலை ஆற்றுப்பக்கம் அடிமட்டம்வரை இறக்கி, மூடியில் கட்டியிருந்த கயிற்றை இழுத்து நிரப்பி எடுத்து நீட்டினார். வாயில் வைக்க முடியாத கரிப்பு. மேலே நல்ல தண்ணீர் வெளியேற, அடியில் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. கடல்நீர் நல்ல நீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் கனமானது. இரண்டு மீட்டர் ஆழத்தில் அடிமட்ட அழுத்தம் சமமாவதற்கே ஆற்றுப்பக்கம் 5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். கல்லூரியில் படித்த இந்தக் கணக்கு, அவரிடம் நாலு விரலாக இருந்தது.

உப்புக்காற்றில் துருவேறிய திருகுத்தண்டைச் சுற்றி ஷட்டரை மறுபடி இறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கரையோரத்தில் தண்ணீர் நுழையும் வாய்மடையை அடைக்காதிருந்த இரண்டு வயல்களில் பயிர் நுனி கருகியது. அவற்றின் சொந்தக்காரர்கள் அன்று கரைக்கு வந்தவர்கள் அல்லர். அதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தியது.

அந்த வாரமே பதிவேட்டில் 'மட்ட வித்தியாசம்' என்று ஒரு பத்தியைக் கையால் கோடு போட்டுச் சேர்த்தேன். அச்சிட்ட படிவத்தில் இல்லாத பத்தி எதற்கு என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பாட்டில் கதையை எழுதவில்லை. 'கடல்நீரின் அடர்த்தி காரணமாக' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.