டீஜி சொன்ன பொய்

நவம்பர் 12, 2024, செவ்வாய்

இன்று ஓடுபாதையை விட்டே எழும்பவில்லை. லாக் புத்தகத்தில் எழுத ஒன்றும் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

காலை ஏழரை மணி. செஸ்னா 172. ஓடுபாதை 27, அதாவது நேர் மேற்கு, 270 டிகிரி. மையக்கோட்டில் நிறுத்தி டீஜியைப் பார்த்தேன்: 270. டீஜி என்பது சுழலியால் (வேகமாகச் சுற்றும் சிறு சக்கரம்) இயங்கும் திசைமானி. வடக்கு எது என்று அதற்குத் தானாகத் தெரியாது. நாம் திருகி வைத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு மேலே இருக்கும் காம்பஸும் 270 என்றது.

த்ராட்டிலை முழுதாகத் தள்ளினேன். முப்பது நாட் தாண்டும்போது டீஜி 280. சந்தேகப்பட்டுக் காம்பஸைப் பார்த்தேன். அதுவும் 280ஐ நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது என்று முடிவுகட்டி, முழு விசையில் இடப்பக்கம் இழுக்கும் விமானத்தை நேராக வைக்க வலது ரடரை (வால் சுக்கானின் மிதி) மிதித்திருந்த காலைத் தளர்த்தினேன். விமானம் அதுவரை நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் தளர்த்தியதும் இடப்பக்கப் புல்லை நோக்கி இழுத்தது.

"என் கண்ட்ரோல்" என்றார் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் சார். த்ராட்டில் பின்னால் போனது. நின்றபோது காம்பஸ் ஆடி அடங்கி 270க்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. டீஜி மட்டும் 305இல் நின்றது, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சார் பாலக்காட்டுக்காரர். கோபம் வந்தால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிவிடுவார். "முன்னால் இவ்வளவு பெரிய ஓடுபாதை கிடக்கிறது, உள்ளே உனக்கு என்ன பார்வை?"

நவம்பர் 13, புதன்

ஹேங்கரில் மெக்கானிக் காகா எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினார். சுழலியைச் சுற்றவைப்பது பம்ப் உறிஞ்சும் காற்று. அதை அளக்கும் உறிஞ்சுமானி சரியாக 5 அங்குலம் காட்டியது, பம்ப்பில் குறையில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, டீஜி மேல் காதை வைக்கச் சொன்னார். எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே சுழலி சுற்றிக்கொண்டிருக்கிறது! பக்கத்து விமானத்தில் அது வண்டு ரீங்காரம்போல நெடுநேரம் இழைந்து அடங்கியது. நம்முடையது கரகரவென்று அரைத்து, சீக்கிரமே ஓய்ந்தது. பேரிங் தேய்ந்திருக்கிறது. தரையில் மெதுவாக உருளும்போது நல்ல பிள்ளையாக இருக்கும். முழு விசையின் அதிர்வு வந்ததும் நழுவ ஆரம்பிக்கும்.

நவம்பர் 14, வியாழன்

டீஜியின் குற்றம் புரிந்துவிட்டது. காம்பஸ் ஏன் கூடச் சேர்ந்து ஆடியது?

அதைத்தான் பரீட்சைக்கு "ஆண்ட்ஸ்" என்று உருப்போட்டிருந்தேன்: வேகம் கூடினால் வடக்கு, குறைந்தால் தெற்கு. வடகோளத்தில் காந்தம் தரையை நோக்கிச் சாய்ந்து இழுப்பதால், காம்பஸில் திசை எண்கள் எழுதிய அட்டையின் எடை, அதைத் தாங்கும் ஊசிமுனைக்குச் சற்றுத் தெற்கே விழும்படி தொங்குகிறது. விமானம் பாயும்போது அந்த எடை பின்தங்கி அட்டையைத் திருப்பிவிடுகிறது. கிழக்கோ மேற்கோ நோக்கி ஓடும்போதுதான் இந்தக் கூத்து. வடக்கே ஓடினால் ஒன்றும் ஆகாது. மேற்கு நோக்கிப் போகிறவனுக்கு வடக்கு வலப்பக்கம். டீஜி நழுவியதும் வலப்பக்கம். இருவரும் பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்லவில்லை. தனித்தனிக் காரணம், ஒரே திசை. முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி இது. ஓடுபாதையில் நினைவுக்கே வரவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கவலைப்பட்டது புல்லைப் பற்றி மட்டும். ஊரில் இந்தத் தொல்லையே இராது என்றேன். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டித்தான் போகிறது. காந்தச் சாய்வு அங்கே ஏறக்குறைய பூஜ்யம். நான் பயிலும் விதர்ப்பாவில் 30 டிகிரியை ஒட்டி. தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம். கிருஷ்ணாபுரத்தில் காந்தப்புல ஆய்வுக்கூடமே இருக்கிறது. "கிருஷ்ணாபுரத்தில் சிற்பம்தானே இருக்கிறது?" என்றார் அப்பா.

டீஜியும் ஊரில் நிதானமாக நடந்துகொள்ளும். பூமி சுழல்வதால் மட்டும் அது மணிக்கு இங்கே சுமார் 5 டிகிரி தவறும். ஊரில் இரண்டே கால்.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. படித்துக்கொண்டிருந்தேன்.

லண்டன் சிட்டி விமான நிலையம் பழைய கப்பல் துறைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே தரைக்கடியில் உள்ள இரும்பு, காத்திருக்கும் விமானங்களின் திசைமானியைக் குழப்பியிருக்கிறது. ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது அமெரிக்காவின் லெக்சிங்டன். 2006 ஆகஸ்ட் 27, விடிவதற்குமுன். ஓடுபாதை 22இல் புறப்பட வேண்டிய காம்ஏர் விமானம், பாதிதான் நீளமுள்ள 26இல் திரும்பிவிட்டது. விளக்கே இல்லையே என்று துணை விமானி சொன்னது குரல் பதிவில் இருக்கிறது. 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் அந்தத் துணை விமானி. திசைமானிகள் பழுதாகவில்லை. போகவேண்டிய திசைக்கு விமானிகள் வைத்த குறி 227இல் இருக்க, விமானம் 266இல் நிற்பதைக் காட்டிக்கொண்டே இருந்தன. நான் பொய்யை நம்பினேன். அங்கே உண்மையை யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 23, சனி

புது சுழலி வந்துவிட்டது. மறுபடி ஓடுபாதை 27. கண் மையக்கோட்டின் கடைசியில். காம்பஸ் வழக்கம்போல வடக்கே ஒதுங்கியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். 55 நாட்டில் மூக்கைத் தூக்கினேன். சீராக ஏறத் தொடங்கியதும் ஒப்பிட்டேன்: டீஜி 270, காம்பஸ் 268. கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை. சார் வாய் திறக்கவில்லை. அவரிடம் அது பாராட்டு.

இறங்கி எஞ்சினை நிறுத்தியதும் ஹெட்போனைக் கழற்றினேன். காகா ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து, பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு, டீஜியில் காதை வைத்தார். வண்டு வெகுநேரம் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.