களிமண் என்று சொன்னதால் திரும்பி வந்த பெட்டி

ஆடி மாதம் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிய பெட்டி, ஆவணியில் என் மேசைக்கே திரும்பி வந்தது. மேலே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள். அதில் யாரோ நீலப் பேனாவால் மண் என்று ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு இட்டிருந்தார்கள். உள்ளே 24 பொட்டலங்களில் என் எட்டு மாத உழைப்பு இருந்தது. பெட்டியைத் திறக்கவே அன்று எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து கட்டுமானப் பொருள் ஆராய்ச்சி செய்யப் போகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். புரிந்துணர்வு ஒப்பந்தம், நிதி, இணையவழிக் கூட்டங்கள் எல்லாம் ஒரே பருவத்துக்குள் முடிந்துவிட்டன. நான்கு மாதம் அலைய வைத்தது இந்தப் பெட்டிதான்.

நாங்கள் ஆராய்வது எல்.சி.3 எனப்படும், சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த சிமென்ட். சாதாரண சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கர் என்ற சுட்ட உருண்டைகளைச் செய்ய 1450 டிகிரி வரை சூடாக்க வேண்டும். எரிபொருளின் புகை போதாதென்று, சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவும் சேர்ந்து வெளியேறும். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் போதும், அதிலிருந்து போவது நீராவிதான். கிளிங்கரைப் பாதியாக்கிவிட்டு, 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் அரைத்த சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம் சேர்ப்பது வழக்கமான கலவை. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனமும் கியூபாவின் சாந்தா கிளாரா நகரப் பல்கலைக்கழகமும் தொடங்கி, பிறகு நம் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களும் கைகோத்து வளர்த்த பொருள் இது. 2023-இல் இதற்கென்றே ஐ.எஸ். 18189 என்ற இந்தியத் தரமும் வந்துவிட்டது.

எனக்கு இதில் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீடு நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு மேல் இருக்கும் சன்ஷேடில் முதலில் மயிரிழைபோல ஒரு விரிசல் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் அதன் ஓரமாகச் செம்பழுப்பு நீர் வடிந்தது. ஒரு நாள் காலையில் உள்ளங்கை அகலக் காரை அப்படியே பெயர்ந்து அம்மா நின்ற இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் தொட்டால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்துத்தான் அந்த இடத்தைக் கொடுக்கும். எல்.சி.3-இல் நுண்துளைகள் மிகச் சிறியவை என்பதால் உப்பு நகரும் வேகம் வெகுவாகக் குறைகிறது. விருத்தாசலம் பக்கத்துக் களிமண்ணையும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லையும் வைத்து இதை எங்கள் கரைக்கு ஏற்றபடி செய்ய முடியுமா என்பதுதான் என் ஆய்வு.

களிமண்ணைச் சுடுவதும் அரைப்பதும் வார்ப்பதும் இங்கேயே நடக்கும். நுண்ணமைப்பைப் பார்க்கும் கருவிகள் சுவிஸ் ஆய்வகத்தில் இருக்கின்றன. ஆகவே மாதிரிகள் போயாக வேண்டும்.

கூரியர் அலுவலகத்தில் முகப்பில் இருந்தவர் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன பொடி, மேடம்?" என்றார். "சுட்ட களிமண்" என்றேன். நான் செய்த பெரிய பிழை அதுதான். அவர் சுட்ட என்பதை விட்டுவிட்டு, களிமண்ணை மண்ணாக்கி, கணினியில் ஏற்றிவிட்டார். நானும் ரசீதைப் படிக்காமல் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வெளிநாட்டு மண்ணில் பூச்சிகளும் கிருமிகளும் வரும் என்பதால் ஐரோப்பிய நாடுகள் அதை உள்ளே விடுவதில்லை. பெட்டி சென்னையிலேயே நின்றது.

பூச்சியோ கிருமியோ இல்லை என்று சொல்லும் தாவரத் தொற்றுத்தடைச் சான்றிதழ் கொண்டுவந்தால் அனுப்புவோம் என்று மின்னஞ்சல் வந்தது. இரவு பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். அந்த அலுவலகத்து அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "800 டிகிரியில் சுட்ட பொருளில் எந்த உயிர் இருக்கும் அம்மா? இது செடியும் அல்ல, மண்ணும் அல்ல. இதற்கு நான் எப்படிச் சான்றிதழ் கொடுப்பது?" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். அதற்கு வழியில்லை என்றார். கூரியர்காரர்கள் சான்றிதழ் இல்லாமல் அசையவில்லை. 33 நாள் கிடங்கில் கிடந்து பெட்டி திரும்பியது. கட்டணம் திரும்பவில்லை.

பணம் போனதைவிட மாதிரி போனதுதான் வலித்தது. பொடிகளோடு, தண்ணீர் சேர்த்து வார்த்த சிமென்ட் வில்லைகளையும் வைத்திருந்தேன். 28 நாள் வயதில் பார்க்க வேண்டியவை, ஈரத்தோடு உறையில் கிடந்து 61 நாள் வயதாகிவிட்டன. உறைகளில் இரண்டு கிழிந்து காற்றும் புகுந்திருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டால் சிமென்டுக்குள் கால்சைட் என்ற கனிமம் உருவாகும். நாங்கள் சேர்த்த சுண்ணாம்புக்கல்லும் கால்சைட்தான். எது நாங்கள் போட்டது, எது கிடங்கில் விளைந்தது என்று இனி எந்தக் கருவியாலும் எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. 24 பொட்டலங்களில் 12 குப்பைக்குப் போயின.

இந்த இடத்தில் சுவிஸ் தோழி ஒருத்தி சொன்ன வழி என்னைக் காப்பாற்றியது. ஈரத்தோடு அனுப்பாதே, 28-ஆம் நாளே சிமென்டும் நீரும் சேரும் வினையை அங்கேயே நிறுத்திவிடு, பிறகு பெட்டி எத்தனை நாள் எங்கே கிடந்தாலும் வயது ஏறாது என்றாள். வில்லையை 3 மில்லிமீட்டர் தடிமனில் அறுத்து, ஐசோபுரொப்பனால் திரவத்தில் ஊறப்போட்டால் துளைகளில் இருக்கும் நீர் வெளியே வந்துவிடும். மீண்டும் வார்த்து, 28 நாள் காத்திருந்து, அப்படியே செய்தேன்.

செய்துவிட்டு, வில்லைகளை அந்தத் திரவப் புட்டியோடே பெட்டியில் வைத்தேன். ஐசோபுரொப்பனால் தீப்பற்றும் திரவம். விமானத்தில் சாதாரணப் பொதியாக ஏற்ற மாட்டார்கள். இரண்டாவது பயணமும் வீண். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வில்லைகளை வெற்றிடத்தில் நன்றாக உலர்த்தி, மணம் சிறிதும் இல்லாத நிலையில், காற்று நீக்கிய உறையில் இட்டு, அதை இன்னொரு உறைக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைத்து மூடுங்கள்.

பெயர்ச் சிக்கலைத் தீர்த்தவர் நாகையில் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், அப்பாவின் நண்பர். திண்ணையில் உட்கார்ந்து என் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பொருளுக்கு நீ பெயர் வைக்காமல் போனால், முகப்பில் இருப்பவன் வைத்துவிடுவான் அம்மா" என்றார். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் உள்ள தலைப்பு எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். 2507, கயோலின் வகைக் களிமண், சுட்டதாயினும் சுடாததாயினும். சுட்டது என்ற சொல் உலகம் முழுதும் செல்லுபடியாகும் பட்டியலிலேயே இருக்கிறது! அரைத்த சிமென்ட் 2523. இறுகிய சிமென்ட் வில்லை 6810. மண் என்ற சொல்லுக்கே இடமில்லை. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு மூச்சு சீராக வந்தது.

மூன்றாவது முறை, விலைப்பட்டியலில் எண்ணோடு பெயரையும் 800 டிகிரியில் சுட்டது என்பதையும் நானே தட்டச்சு செய்தேன். மதிப்பு பூஜ்ஜியம் என்று போடக்கூடாது, கணினி ஏற்காது. சிறு தொகை ஒன்றைப் போட்டு, விற்பனைக்கு அல்ல, ஆய்வுக்கு மட்டும் என்று எழுத வேண்டும். 16 பகுதிகளும் நிரப்பிய பாதுகாப்புத் தரவு ஏடு, கல்லூரி முத்திரையோடு ஆபத்தற்ற பொருள் என்ற உறுதிக் கடிதம், பெற்றுக்கொள்ளும் ஆய்வகத்தின் கடிதம் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எடை. கடிதத்தில் 2 கிலோ, விலைப்பட்டியலில் 2.1 கிலோ என்று இருந்ததை முகப்பிலேயே நின்று திருத்தினேன். ரசீதை மூன்று முறை படித்த பிறகுதான் வெளியே வந்தேன். ஒரே பொருளுக்கு ஏன் மூன்று அனுப்புக் கட்டணம் என்று கல்லூரிக் கணக்குப் பிரிவு கேட்ட விளக்கத்துக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்; அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆறாம் நாள் பெட்டியின் புகைப்படம் வந்தது. அடுத்த வாரம் எக்ஸ் கதிர் வரைபடம் வந்தது. சுட்ட களிமண்ணின் அலுமினாவும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து உண்டாக்கும் கார்போஅலுமினேட், இடது ஓரத்தில் இரண்டு சிறு கூர்முனைகளாகத் தெளிவாக எழுந்து நின்றது. விருத்தாசலத்துக் களிமண் வேலை செய்திருக்கிறது. அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டி, எந்தக் கூர்முனை எது என்று விளக்கினேன்.

90 நாள் வயதில் பார்க்க வேண்டிய வில்லைகள் இப்போது ஆய்வகத்து நீர்த்தொட்டியில் கிடக்கின்றன. கார்த்திகை கடைசியில் அறுக்க வேண்டும். பெரியவர் சொன்ன எண்களை அச்சடித்து, பெட்டிகள் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன்.