சுற்றிவருவதிலிருந்து ஷண்டிங் வரை: மாடல் ரயில் நாட்குறிப்பு

8 ஜனவரி 2017

ரயில் நிற்காமல் சுற்றிவந்தால் போதும். இப்போதைக்கு வேறு குறிக்கோள் இல்லை. அளவு ஹெச்.ஓ., அதாவது நிஜ ரயிலின் 87-ல் ஒரு பங்கு (1:87). தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நான்குக்கு எட்டடி பிளைவுட் பலகையில் 18 அங்குல ஆர வளைவுகளோடு ஓர் ஓவல் பாதை தாராளமாக அமையும். சிறிய டீசல் எஞ்சினும், நிஜத்தில் 40 அடி வரும் சரக்கு வேகன்களும் அதில் சிக்கலில்லாமல் ஓடும்.

ஆனால் இந்தப் பலகை இடத்தை மிச்சப்படுத்துகிறது என்று நம்ப வேண்டாம். சுற்றி நடக்க எல்லாப் பக்கமும் இரண்டடி விட்டால் எட்டுக்குப் பன்னிரண்டு அடி போய்விடும். சுவரோரம் ஓடும் குறுகிய பலகைக்கு இவ்வளவு தேவைப்படாது.

22 ஏப்ரல் 2017

ஆசை நீளமான பயணி ரயிலுக்குத் தாவிவிட்டது. 85 அடிப் பெட்டி இந்த அளவில் ஏறக்குறைய 30 செ.மீ. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் நம்பி ஓட்டலாம் என்பது நடைமுறைக் கணக்கு. அப்படியானால் ஆரம் 90 செ.மீ., விட்டம் 1.8 மீட்டர். பலகையின் அகலமோ 1.22 மீட்டர்தான். 18 அங்குல வளைவில், பெட்டிகளைக் கோர்க்கும் கப்ளர் பெட்டியின் முனையைப் பக்கவாட்டில் இழுக்கும், சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். பெட்டி வாங்குவதற்கு முன்பே ஆரத்தை முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலோர் செய்வது நேர்மாறு.

5 நவம்பர் 2017

ஒரு பாதைக்கு மேல் இன்னொன்று போக வேண்டுமாம். கீழே ரயிலுக்கு 3 அங்குல இடைவெளி, மேலே பலகையின் தடிமன். மொத்தம் 4 அங்குலம் ஏற வேண்டும். 2% சரிவில் அதற்கு 200 அங்குலம், அதாவது ஐந்து மீட்டர், ஏற மட்டும். 4% வைத்தால் நீளம் பாதியாகும். எஞ்சின் இழுக்கும் பெட்டிகளும் வெகுவாகக் குறையும். ஏற்றத்திலேயே வளைவும் வந்தால் இன்னும் மோசம். சிறிய பலகையில் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

17 ஜூன் 2018

டி.சி.சி., அதாவது டிஜிட்டல் கட்டளை வழிக் கட்டுப்பாடு. ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டலாம். ஆனால் வயரிங்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பலகைக்கு அடியில் தடித்த 14 கேஜ் முதன்மை வயர். ஒவ்வொரு மூன்றடித் தண்டவாளத் துண்டுக்கும் அதிலிருந்து மெல்லிய 22 கேஜ் கிளை வயர் சால்டர் செய்ய வேண்டும். மின்சாரத்துக்கு, தண்டவாளத் துண்டுகளைக் கோர்க்கும் ஜாயினரை நம்பக் கூடாது. நாளடைவில் அது தளரும், கறுக்கும், மின்தடை ஏறும்.

சோதனை எளிது. இரண்டு தண்டவாளங்களையும் தொடும்படி ஒரு நாணயத்தை வைத்தால், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே அணைய வேண்டும். பாதை முழுக்க, இடம் மாற்றி மாற்றிச் செய்து பார்க்க வேண்டும். எங்காவது அணையாவிட்டால் அங்கே மின்தடை அதிகம்: ஷார்ட் ஆனாலும் மின்னோட்டம், பூஸ்டர் தானாக அணையும் அளவை எட்டாது, பூஸ்டருக்கு அது தெரியாது, நாலைந்து ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் சூடாகி, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் போகிச் சட்டம் உருகுவது இப்படித்தான்.

9 பிப்ரவரி 2020

சுற்றுவது சலித்துவிட்டது. இனி ரயிலுக்கு வேலை வேண்டும்: வேகன்களைப் பிரித்து, வரிசை மாற்றிக் கோர்க்கும் ஷண்டிங். மாடல் ரயில் ஆர்வலர் ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நுக் என்ற ஷண்டிங் புதிர் அமைப்பு இதற்கு அருமை: மூன்று கிளைப்பாதைகள், முறையே 5, 3, 3 வேகன்கள் நிற்கும் நீளம், எஞ்சினும் மூன்று வேகன்களும் மட்டும் நிற்கும் ஒரு தலைப்பாதை, தடம் மாற்றும் இரண்டு பாயின்ட்கள். எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே ரயிலாகக் கோர்க்க வேண்டும். சாத்தியமான வரிசைகள் 6,720.

40 அடி வேகன் கப்ளரோடு 15 செ.மீ., சிறிய எஞ்சின் 18 செ.மீ. என்றால் தலைப்பாதை 65, நீளமான கிளை 75. பாயின்ட்களையும் சேர்த்து 1.8 மீட்டருக்கு 30 செ.மீ. பலகை போதும். தலைப்பாதையை "இருக்கட்டுமே" என்று நீட்டிவிடாதீர்கள். நாலாவது வேகனுக்கு இடம் கிடைத்தால் புதிரே போய்விடும்.

30 ஆகஸ்ட் 2020

ஷண்டிங் வேகம் மணிக்கு 8 கி.மீ. என்றால் பலகையில் வினாடிக்கு 2.5 செ.மீ. அந்த வேகத்தில்தான் குறைகள் வெளிப்படும். பாயின்ட்டின் நடுவே தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் ஃப்ராக் பிளாஸ்டிக்காக இருந்தால், சிறிய எஞ்சின் அதன்மேல் மின்சாரமின்றி நின்றுவிடும். உலோக ஃப்ராக் நல்லது. ஆனால் பாயின்ட் திரும்பும்போது அதன் துருவமும் மாற வேண்டும், அதற்குப் பாயின்ட் மோட்டாரிலேயே ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும்.

வேகன் எடையில் அமெரிக்கச் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரை: ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 6 அங்குல வேகனுக்கு 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். இதைவிட இலேசான வேகன், பின்னால் தள்ளும்போது தடம்புரளும். கப்ளர்களின் உயரத்தை அதற்கான அளவியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்; கண்ணளவு உதவாது.

13 மே 2022

ஈரப்பதத்தில் மரம் உப்பும், வறண்டால் சுருங்கும். பலகை சுருங்கும்போது தண்டவாளம் பக்கவாட்டில் நெளியும். எல்லா இணைப்புகளையும் சால்டர் செய்யாமல், இடையிடையே சுமார் அரை மி.மீ. இடைவெளி விட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் கிளை வயர் இருப்பதால் மின்சாரத்துக்குப் பாதகமில்லை.

21 ஜனவரி 2024

சரக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இப்போது. பலகையின் ஓரத்தில், வேகன்களோடு தூக்கி மாற்றக்கூடிய கேசட் ஒன்று போதும்: பிளைவுட் பட்டையின் மேல் இரண்டு அலுமினிய எல்-கோணங்கள், உள்விளிம்புகளுக்கு இடையே 16.5 மி.மீ. கோணங்களே தண்டவாளமும் மின்கடத்தியும். ஒன்றையொன்று எங்கும் தொடக் கூடாது. கேசட்டைத் தூக்கும்போது வேகன்கள் உருளாதபடி இரு முனைகளிலும் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிவிடலாம்.