முறுகும் தண்டும் எங்கள் பிரயோக கணித வகுப்பும்

பெரிய சரக்குக் கப்பல்களின் எஞ்சின் கட்டுப்பாட்டு அறையில், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் சுற்றுமானியின் முகத்தில் ஓர் இடத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். அந்த வேகத்தில் எஞ்சினைத் தங்கவிடக் கூடாது. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தப் பட்டையை விரைவாகக் கடந்துவிட வேண்டும். நான் கடலுக்குப் போன புதிதில் தலைமைப் பொறியியலாளர் சொல்லித் தந்த முதல் விடயங்களில் இதுவும் ஒன்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்கான கணக்கைப் பருத்தித்துறையிலேயே படித்துவிட்டுத்தான் கப்பலேறியிருந்தேன்.

எங்களுக்கு உயர்தர வகுப்பில் பிரயோக கணிதம் படிப்பித்தவரின் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. அந்தக் காலத்து மாணவர்கள் அடுத்த வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எந்த வகையீட்டுச் சமன்பாட்டையும் அவர் உடனே தீர்க்க விடமாட்டார். கரும்பலகையில் அதை எழுதிவிட்டு, ஒவ்வோர் உறுப்பின் கீழும் வெண்கட்டியை ஊன்றி, "இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்பார். உறுப்புகள் எல்லாருமே அவருக்கு "இவர்"தான். அதைச் சொல்லத் தெரியாதவன் விடையைச் சரியாக எடுத்தாலும் அவரிடம் புள்ளி கிடையாது.

ஒருநாள் எங்களை ஆய்வுகூடத்துக்கு அழைத்துப் போனார். உருக்குக் கம்பியொன்றில் தட்டு ஒன்று தொங்கியது. தட்டின் அடியில் ஒரு தகடு. அது ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. தட்டைச் சிறிது திருகி விட்டார். கம்பியில் ஒட்டியிருந்த சிறு கண்ணாடித் துண்டிலிருந்து ஒளிப்பொட்டு சுவரில் இடமும் வலமுமாக நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் அது திரும்பும் இடத்தைச் சுவரில் ஒட்டிய தாளில் குறிக்கச் சொன்னார். பிறகு தண்ணீரை எடுத்துவிட்டு நல்லெண்ணெய் வைத்தார். பொட்டு விரைவிலேயே அடங்கிவிட்டது. குறித்த வீச்சங்களை, அதாவது பொட்டு நடுவிலிருந்து விலகிய தூரங்களை, வகுத்துப் பார்த்தபோது, தண்ணீரிலும் எண்ணெயிலும் ஒவ்வொரு வீச்சமும் அதற்கு முந்தியதில் ஏறத்தாழ ஒரே பங்காகவே இருந்தது. பங்குதான் வேறு. இப்படி ஒரே பங்காகக் குறைந்துகொண்டே போகும் அடுக்குக்குறிச் சார்பை நான் முதன்முதலில் கண்ணால் கண்டது அந்தத் தாளில்தான்.

அந்தத் தட்டின் அசைவைச் சொல்லும் சமன்பாட்டில் மூன்று பேர்தான். முதலாமவர் சடத்துவத் திருப்பத்தைக் கோண ஆர்முடுகலால் பெருக்கி வருபவர். அசைவை மாற்ற விடாமல் அடம்பிடிப்பவர். இரண்டாமவர் கோண வேகத்துக்கு விகிதசமமான தணிப்பு. ஒவ்வோர் ஆட்டத்திலும் சக்தியை உறிஞ்சுபவர். மூன்றாமவர் முறுகிய கோணத்துக்கு விகிதசமமான விறைப்பு; பழைய நிலைக்கு இழுப்பவர். இந்த மூவரின் கூட்டுத்தொகை, வெளியிலிருந்து வரும் முறுக்கத்துக்குச் சமன்.

"தண்டு சுழன்றுகொண்டிருந்தாலும் இதே சமன்பாடுதானா சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். அவர் முகம் மலர்ந்தது. மொத்தக் கோணத்தைச் சீரான சுழற்சி, சிறு முறுகல் என இரண்டாகப் பிரித்து எழுதி, இருமுறை வகையிட்டார். சீரான சுழற்சி தடமின்றி மறைந்துவிட்டது. அதனால்தான் இந்த அதிர்வு இவ்வளவு பொல்லாதது. தண்டு வளைந்து அதிர்ந்தால் தாங்கிகள் நடுங்கும், தளம் நடுங்கும். முறுகி அதிர்ந்தால் பார்ப்பவனுக்குத் தண்டு ஒழுங்காகச் சுற்றுவதாகவே தெரியும். உள்ளே உலோகம் முன்னும் பின்னுமாக முறுகிக் களைத்துக்கொண்டிருக்கும்.

நீராவிக் கப்பல்களின் சுழல்தண்டுகள் இப்படித்தான் காரணம் புரியாமல் முறிந்தன. சராசரி முறுக்கத்தைக் கொண்டு கணக்கிட்டால் தண்டு தாங்கவேண்டும், ஆனால் தாங்கவில்லை. ஹம்பேர்க்கின் புளோம் ஊண்ட் ஃபொஸ் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபிராம், ஓடும் கப்பல்களில் தண்டின் முறுகலை அளந்து 1902இல் வெளியிட்டார். எஞ்சினின் துடிப்பு தண்டின் இயற்கை மீடிறனோடு, அதாவது தண்டு தன்பாட்டில் முறுகி ஆடினால் செக்கனுக்கு எத்தனை முறை ஆடுமோ அதனோடு, ஒன்றும்போது பரிவு ஏற்பட்டு வீச்சம் பெருகுகிறது என்று அவர் காட்டினார்.

சிவப்புப் பட்டையின் கணக்கு இதுவே. இரண்டடிப்பு டீசல் எஞ்சினில் ஆறு உருளைகள் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு உதைப்பு. தண்டின் இயற்கை மீடிறன் செக்கனுக்கு 5 என்றால், நிமிடத்துக்கு 50 சுற்றில் இரண்டும் சந்திக்கும். அந்த இடத்தில் சடத்துவமும் விறைப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. வீச்சத்தைக் கட்டுப்படுத்த எஞ்சியிருப்பவர் இரண்டாமவரான தணிப்பு மட்டுமே. உருக்கின் உட்தணிப்பு மிகச் சொற்பம். தண்ணீரை உழும் சுழலி கொஞ்சம் தருகிறது. போதாதபோது எஞ்சின் முனையில் தணிப்பான் பூட்டுவார்கள்: மூடிய கூட்டுக்குள் கனமான வளையம், இரண்டுக்கும் இடையே தேன் பதத்தில் சிலிக்கோன் எண்ணெய். கூடு அதிர, வளையம் பின்தங்க, எண்ணெய் சக்தியைத் தின்று சூடாகிறது. அந்த எண்ணெயின் மாதிரியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது பிற்காலத்தில் என் பொறுப்பாக இருந்தது. எண்ணெய் கெட்டால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஆகவே அந்த வேலையை நான் யாரிடமும் ஒப்படைத்ததில்லை.

இரண்டாமவரின் குறி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நெவாடாவில் இருந்த மொஹாவி அனல்மின் நிலையம் சான்று. 1970இலும் 1971இலும் அங்கே மின்பிறப்பாக்கித் தண்டு சேதமடைந்தது. நீண்ட மின்கம்பித் தொடரில் சேர்த்திருந்த, மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவிகள், தண்டின் செக்கனுக்கு ஏறத்தாழ 30 என்ற முறுகல் மீடிறனோடு ஒத்திசைந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் சக்தியை எடுப்பதற்குப் பதிலாக ஊட்டின. தணிப்பு எதிர்க்குறி பெற்றுவிட்டது. வீச்சம் அடங்காமல் வளர்ந்தது. இரண்டாவது விபத்துக்குப் பிறகே மூலகாரணம் பிடிபட்டது. இதை வாசித்தபோது ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று மனம் துடித்தது. அப்போது அவர் இல்லை.

இந்த மலர் ஊரில் இப்போது உயர்தர வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் கைக்கும் போகும் என்று சங்கத்தார் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு மீற்றர் நீளமான மெல்லிய உருக்குத் தண்டு, உராய்வற்ற தாங்கிகளில் சீராகச் சுழல்கிறது. இரு முனைகளிலும் தட்டுகள். ஒன்றின் சடத்துவத் திருப்பம் மற்றையதன் நான்கு மடங்கு. தண்டின் சடத்துவத்தைப் புறக்கணிக்கலாம். தண்டு முறுகி அதிரும்போது ஒரேயொரு குறுக்குவெட்டு மட்டும் அதிராமல் சீராகச் சுழலும். அது பெரிய தட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? தண்டின் விட்டத்தை இரட்டித்தால் அந்த இடம் நகருமா? அதிர்வின் மீடிறன் எத்தனை மடங்காகும்? விடைகளைச் சங்கத்தின் முகவரிக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் வாசித்துப் பதில் எழுதுவேன்.