அஞ்சாம் நம்பர் முனை வந்ததும்தான் ஆங்கிள் வழிக்கு வந்துச்சு

மாடி ஷெட்டுக்கு முக்கால்வாசி ஷீட் போட்டாச்சு. சதுர பைப் மேல செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூ (முனையே ட்ரில் பிட் மாதிரி இருக்கும், தானே துளை போட்டுக்கும்) சர்ருனு எறங்குது, 2 மில்லி கனம்தானே. தகராறெல்லாம் மூலைலதான், அங்க பைப் மேல 5 மில்லி ஆங்கிள் (L வடிவ இரும்பு) வேற வெல்டு பண்ணிருக்கு, ஷீட்டும் சேர்ந்தா 7 மில்லிய தாண்டிடும். ஸ்க்ரூ பாதில நின்னு கத்தும், புகை வரும், முனை நீலம் பாரிச்சு மழுங்கிடும். கேட்டா கடைக்காரர் "நல்லா அழுத்துங்க சார்"ங்கிறார்.

எவ்ளோ அழுத்துனாலும் வேலைக்காகாது, கணக்கே இடிக்குதே! நான் போட்ட ஸ்க்ரூ 12-14, அப்படின்னா கனம் 12ஆம் நம்பர், இன்ச்சுக்கு 14 மரை, அதாவது ஒரு சுத்துக்கு 1.8 மில்லி உள்ள இழுக்கும். முனையால ஒரு சுத்துல அவ்ளோ இரும்ப அறுக்கவே முடியாது. அதனால துளை அந்தப்பக்கம் வெளிய போனப்புறம்தான் மரை இரும்பத் தொடணும், முன்னாடியே தொட்டா ஒண்ணு மரை அரையும் இல்ல ஸ்க்ரூவே ஒடையும். எவ்ளோ கனம் துளைக்கும்ங்கிறதுக்கு முனைக்குத் தனியா ஒரு நம்பர் உண்டு, இந்த சைஸ்ல மூணாம் நம்பர் முனைக்கு 5 மில்லிதான் லிமிட், அஞ்சாம் நம்பர்னா 12 மில்லி வரைக்கும் தாங்கும்.

ஏரியா கடைங்கள்ல அஞ்சாம் நம்பர்னு கேட்டா முழிக்கிறாங்க. கடைசில பாரிமுனைலதான் கெடச்சுச்சு, அதுவும் 12-24, மரை நெருக்கமா இருக்கும், கனமான இரும்புக்கு அதான் சரி. (துருப்பிடிக்காதேனு 304 ஸ்டெயின்லெஸ் வாங்கிடாதீங்க, இரும்பத் துளைக்கிற அளவுக்கு முனைல கடினம் இருக்காது. ஸ்டெயின்லெஸ்லயே 410 ரகம் பரவால்ல.)

ட்ரில் மெஷின்ல இம்பாக்ட் (தட்டித் தட்டி அடிக்கிறது) ஆஃப், வேகம் நிமிஷத்துக்கு 1800 சுத்துக்குக் கீழ, நேரா நிறுத்தி ஒரே சீரா அழுத்தம். சுருள் சுருளா தூள் வந்தா அறுக்குதுனு அர்த்தம், பொடியா கருப்பா வந்தா முனை செத்துப்போச்சு. ரப்பர் வாஷர் லேசா உப்புனதும் நிறுத்திடணும், பிதுங்குச்சுனா மழைக்கு ஒழுகும். தூளை அன்னைக்கே பிரஷ் போட்டுத் தள்ளிடுங்க, ராத்திரி பனில ஷீட் பூரா துருப்புள்ளி வச்சிடும்.

பழைய கூர்முனை செல்ஃப் டேப்பிங் கொஞ்சம் மிச்சமிருக்கு. அது தானா துளை போடாது, போட்ட துளைல மரை மட்டும்தான் போடும், மிக்ஸி அடிப்பாகத்துல இருக்குமே அதே சாதிதான். பிளாஸ்டிக்ல திரும்ப மாட்டும்போது மொதல்ல ரிவர்ஸ்ல சுத்துங்க, பழைய மரைல டக்குனு விழும், அப்புறம் முறுக்கினா துளை லூசாகாது. அதை வச்சு ஷெட்டுக்குள்ள சுவிட்ச் பாக்ஸ் மூடி மாட்டலாம்னு இருக்கேன்.

தெக்குப்பக்க வரிசை இன்னும் பாக்கி. அதுக்குள்ள தண்ணி வடியிற கட்டருக்கு வெல விசாரிக்க ஆரம்பிச்சிட்டேன், பிவிசியா ஜிஐயானுதான் முடிவாகல.