பதினெட்டு என்று எழுதப்பட்ட வயது

என் பெறாமகனுக்கு அப்போது 15 வயதும் இரண்டு மாதங்களும். பொலிஸார் நீதிமன்றத்தில் சமர்ப்பித்த பீ அறிக்கையிலோ (ஆரம்ப விசாரணை அறிக்கை) 18 என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஓர் எண்ணைத் திருத்துவதற்கு எமக்கு ஆறு நாட்கள் பிடித்தன. அந்த ஆறு இரவுகளும் அவன் வளர்ந்த ஆண்களுடன் விளக்கமறியலில் கிடந்தான். இன்றுவரை என்னால் ஆற முடியாதது அதுதான்.

2024 ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எங்கள் ஊர்த் தோட்டமொன்றில் நீர் இறைக்கும் மோட்டர் களவுபோன விடயத்தில், அயலைச் சேர்ந்த இரு இளைஞர்களுடன் அவனும் கைதானான். மோட்டரை உழவு இயந்திரப் பெட்டியில் தூக்கி ஏற்றியதை அவன் ஒப்புக்கொண்டான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. செய்தி கேட்டு ஓடிய அக்கா பொலிஸ் நிலையத்தில் அவனுடைய வயதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் எழுதப்பட்டது சிங்களத்தில். என்ன எழுதப்பட்டதென்று தெரியாமலேயே அவர் கையெழுத்து வைத்துவிட்டார். பெடியன் நெடுவல், மீசையும் அரும்பிவிட்டது. பார்த்த மாத்திரத்தில் வயதை முடிவு செய்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பதால், வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கும் உரிமை எமக்கு உண்டு. விளங்காத தாளில் தயவுசெய்து யாரும் கையெழுத்து வைக்காதீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை என்பதால் பதில் நீதவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்தினார்கள். சட்டத்தரணி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, தாளில் 18. மூவருக்கும் ஒரே கட்டளை.

1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டமே பிள்ளையை வளர்ந்த சந்தேகநபர்களிடமிருந்து பிரித்து வைக்கச் சொல்கிறது. பாரதூரமான குற்றமாக இல்லாவிட்டால் பெற்றோரின் பொறுப்பில் பிணையில் விடவும் பொலிஸாருக்கு இடமளிக்கிறது. 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப்பொறுப்புக்கான ஆகக்குறைந்த வயது 8இலிருந்து 12 ஆக உயர்ந்தது. 2022இன் திருத்தத்தோடு 18 வயதுக்குக் குறைந்தவர்கள் யாவரும் சிறுவர் ஆனார்கள். இவ்வளவு சீர்திருத்தமும் வயது எழுதும் அந்த ஒற்றைக் கட்டத்தில் வந்து நின்றுவிடுகிறது. அங்கே 18 என்று விழுந்தால், எண்பது வருடத்துச் சட்டமும் பிள்ளைக்குக் கிட்ட வராது.

திங்கட்கிழமை சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரைச் சந்தித்தோம். கிராம அலுவலரின் வருமானச் சான்றுடன் போனதால் அந்த வேலை சுணங்காமல் முடிந்தது. வயதை நிரூபித்தால் நகர்த்தல் பத்திரம் போட்டு வழக்கை முற்கூட்டியே அழைப்பிக்கலாம் என்றார் அவர். எங்களிடம் இருந்தது பிறப்புச் சான்றிதழின் மங்கிய நிழற்பிரதி ஒன்றுதான். அதை நீதிமன்ற அலுவலகத்தில் இருந்தவர் திருப்பிக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார்.

அவன் 2009 ஆவணியில், அக்கா செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த காலத்தில் பிறந்தவன். செவ்வாய்க்கிழமை எங்கள் பிரதேச செயலகத்துக்குப் போனபோது, "பதிஞ்ச இடத்திலதான் எடுக்கலாம், செட்டிகுளத்துக்குப் போங்கோ" என்றார் எழுதுவினைஞர். புதன்கிழமை விடியப்புறம் பஸ் ஏறி, மாங்குளத்திலும் வவுனியாவிலும் மாறி, மழைக்குள் செட்டிகுளம் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் அரை மணித்தியாலத்தில் சான்றிதழை எடுத்துத் தந்துவிட்டு, "அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? கணினியில ஏத்தியாச்சு, உங்கட இடத்திலயே எடுத்திருக்கலாம்" என்றார். 1960க்குப் பின் பதிவான, கணினியில் ஏற்றப்பட்ட பிறப்புகளின் சான்றிதழை எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம் என்பதை எங்கள் எழுதுவினைஞர் அறிந்திருக்கவில்லை, அல்லது பார்த்துச் சொல்ல மினக்கெடவில்லை. எமக்கு அது ஒரு பயணம். பிள்ளைக்கு இன்னும் ஓர் இரவு.

ஆனால் உண்மையில் கைகொடுத்தது நாங்கள் பொருட்படுத்தாத ஒரு பொருள். இடம்பெயர்ந்த காலத்திலிருந்து அக்கா கைவிடாத பொலித்தீன் பை ஒன்று உண்டு. அதற்குள் அவனுடைய சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு இருந்தது. ஓரம் செல்லரித்திருந்தாலும், பிறந்த திகதியும் பிறப்பு நிறை 2.1 கிலோ என்பதும் மருத்துவ மாதுவின் கையெழுத்தில் தெளிவாக இருந்தன. சான்றிதழில் இருந்த பெயருக்கும் பாடசாலையில் பதிந்த பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசப்பட்டபோது, இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று காட்ட உதவியது அந்தப் பதிவேடே. அதை யாரும் எறிந்துவிட வேண்டாம்.

வியாழக்கிழமை நகர்த்தல் பத்திரம் போட்டோம். வெள்ளிக்கிழமை வழக்கு அழைக்கப்பட்டது. எமது மாவட்டத்தில் தனியான சிறுவர் நீதிமன்றம் இல்லை, நீதவான் நீதிமன்றமே அந்தக் கடமையையும் செய்கிறது. நீதவான் சான்றிதழைப் பார்த்ததும் அவனுடைய விடயத்தை மற்ற இருவரிடமிருந்து பிரித்து, சம்பந்தமில்லாதவர்களை வெளியே அனுப்பிய பின்னரே விசாரித்தார். வயதைப் பிழையாக எழுதியது எப்படி என்று பொலிஸாரிடம் அவர் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. சரீரப் பிணையில் பிள்ளை அக்காவிடம் ஒப்படைக்கப்பட்டான். பிணை நிற்பவர்களுக்கான கிராம அலுவலரின் சான்றைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் முதல் நாளே எடுத்து வைத்திருந்தோம்; இல்லாவிட்டால் திங்கள்வரை அவன் உள்ளேயே இருந்திருப்பான்.

அதன் பின் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, அவனோடு தனியாகக் கதைத்து, சமூக அறிக்கை தயாரித்தார். ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்போடு முடிந்தது. இடையில் பாடசாலைக்கு வரவேண்டாம் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒரு தடவை நேரில் போனதுமே அந்தப் பேச்சு நின்றது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 தொலைபேசி இலக்கம் இருப்பதும் எங்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கைதான அன்றிரவே அதற்கு அழைத்திருக்க வேண்டும்.

15 வயது நிறைந்ததும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அவனுடைய படிவம் கைதாவதற்கு மூன்று கிழமைக்கு முன்பிருந்தே பாடசாலையில் கையெழுத்துக்காகக் கிடந்திருக்கிறது. அட்டை தை மாதம் கைக்கு வந்தபோது அக்கா அதைப் பொலித்தீன் பைக்குள் வைக்கவில்லை. ரியூசனுக்குப் போகும்போதும் அது அவனுடைய சட்டைப்பையில் இருக்கிறதா என்று படலையடியில் நின்று தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறார்.