ஏற்றத்தில் கிளம்புவது: கிளிப்லெஸ் பெடல் நாட்குறிப்பு

2025 ஜனவரி 11, சனி

அண்ணன் கொழும்பிலிருந்து அனுப்பிய பார்சல் நேற்று மாலை வந்துவிட்டது. ஒரு சோடி எஸ்பிடி பெடல் (கிளிப்லெஸ் பெடலில் ஒரு வகை), அடியில் குழி வைத்த ஒரு சோடி சப்பாத்து, சின்னப் பையில் இரண்டு இரும்புத் துண்டுகள். அந்தத் துண்டுக்குப் பெயர் கிளீட். சப்பாத்தின் அடியில் அதைப் பூட்டி, பெடலில் வைத்து அமுக்கினால் டக்கென்று கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும்.

ஏன் மாறுகிறேன் என்பதை முதலில் எழுதி வைக்கிறேன். எங்கள் தோட்டப் பாதை முழுக்கக் கல். மழை நாளில் தட்டைப் பெடலிலிருந்து கால் வழுக்கிவிடும். ஒக்டோபரில் ஒருநாள் அப்படி வழுக்கி, பெடல் சுழன்று வந்து முன்கணுக்காலைக் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அதிலிருந்து எழுந்து நின்று மிதிக்கவே பயம். கொட்டகலை மலைப் பக்கம் சைக்கிள் ஓட்டிக்கொண்டு எழுந்து நிற்கப் பயந்தால் எங்கே போவது?

கிளிப்லெஸ் என்றால் கிளிப் இல்லாதது. காலைக் கவ்வுகிற பெடலுக்கு ஏன் அந்தப் பெயர் என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் போட்டிக்காரர்கள் பெடலின் முன்னால் ஒரு கூடு வைத்து, தோல் வாரால் காலை இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். 1984இல் பிரான்சின் லுக் நிறுவனம், பனிச்சறுக்குச் சப்பாத்தைப் பலகையில் பூட்டுகிற முறையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார்ட் ஈனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸை வென்றார். அந்தக் கிளிப் இல்லாத பெடல் என்பதால்தான் கிளிப்லெஸ். கூடு போனது, பெயர் நின்றது. என் கையில் இருக்கிற எஸ்பிடி வகை ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990இல் கொண்டுவந்தது. கிளீட் சின்னதாக, சப்பாத்தின் குழிக்குள் அடங்கி இருக்கும். ஆகவே இறங்கி நடக்கலாம். எங்கள் பாதைகளில் நடக்க முடியாத சப்பாத்தை நான் வாங்கவே மாட்டேன்.

காலையில் ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோனேன். சைக்கிள் கடை அண்ணன் பழைய பெடலில் ஸ்பெனரை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இதைப் பார்த்துக்குங்க. இடது பக்கத்துக்கு மரை எதிர்ப்பக்கம். தெரியாம திருப்பி மரையைத் தின்னுட்டு வர்றவங்கதான் நிறைய."

அவர் சொல்லித் தந்த கணக்கு எளிது. ஸ்பெனரின் பிடி மேலே பார்த்தபடி இருக்கட்டும். முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் இழுத்தால் இரண்டும் கழலும். வலது, இடது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கிளீட் பூட்டத்தான் நேரம் பிடித்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தேன். பெருவிரலின் அடியில் புடைத்து நிற்கிற எலும்பைச் சப்பாத்துக்கு மேலாக விரலால் தடவித் தேடி, அந்த இடத்தில் சோக்கட்டியால் கோடு போட்டோம். சின்ன விரல் பக்கத்து எலும்புக்கும் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் பெடலின் அச்சு வருகிற மாதிரி கிளீட்டை வைத்தோம். போல்ட்டுக்கு 4 மில்லிமீட்டர் அலன்கீ. இறுக்கும் முன் போல்ட் மரையில் கிரீஸ் தடவினார். "நம்ம மழைக்கு இதைத் தடவாட்டி ஆறு மாசத்துல துருப்பிடிச்சு உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகினேன். வலது கால் ஐம்பது தடவை, இடது கால் ஐம்பது தடவை. பெடலில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைக் கழித்தல் அடையாளத்தின் பக்கம் திருப்பினால் பிடி இளகும். இரண்டு பெடலிலும் இரண்டு பக்கத்திலும் ஆக இளகலாக வைத்தேன்.

பூட்டும்போது விரல் நுனியைத் தாழ்த்தி முதலில் கிளீட்டின் மூக்கை நுழைக்க வேண்டும், பிறகு அமுக்க வேண்டும். நேராக மிதித்தால் வழுக்குகிறது. கழற்றும்போது மேலே இழுக்கக் கூடாது. மேலே இழுப்பதுதான் நமக்கு இயல்பாக வருகிறது, அதைத்தான் மறக்க வேண்டியிருக்கிறது.

அம்மா வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "பூட்டுறது சரி, அவசரத்துக்கு விடுமா?" என்றார். அதைத்தான் பழகுகிறேன் அம்மா என்றேன்.

ஜனவரி 13, திங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை)

பள்ளிக்கூட மைதானத்துப் புல்லில் ஒரு மணித்தியாலம். நிற்க நினைக்கிற இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே இடது காலைக் கழற்றி, உடம்பையும் அந்தப் பக்கமே சாய்த்து நிற்பது. அவ்வளவுதான் பாடம். இருபத்தேழு தடவை நின்றேன், ஒன்றில்கூட விழவில்லை.

இடது கால் என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. இங்கே வாகனம் இடது பக்கம் ஓடுகிறது. சாய்ந்தாலும் ஓரத்துக்குத்தான் சாய வேண்டும், நடுப்பாதைக்கு இல்லை. ஆனால் எங்கள் ஓரத்தில் மழைத்தண்ணி ஓடுகிற கான் இருக்கிறது. ஒரு முழ ஆழத்துக்குச் சீமெந்துக் கான், சில இடத்தில் இடுப்பளவு. ஆகவே கானிலிருந்து ஒரு எட்டு தள்ளித்தான் நிற்க வேண்டும். அதையும் சேர்த்துப் பழகினேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சைக்கிளைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்ததோடு சரி.

ஜனவரி 18, சனி

விழுந்தேன்.

கொட்டகலையிலிருந்து பத்தனைப் பக்கம் போய்த் திரும்பும்போது, ஒரு வளைவு ஏற்றம். முன்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவை முழுதாகப் பிடித்து வந்தது. நான் ஒழுங்காக இடது காலைக் கழற்றி, கானுக்கு ஒரு எட்டு தள்ளி நின்றேன். இதுவரை எல்லாம் சரி. பஸ் போன பிறகு கிளம்பினேன். வலது கால் பூட்டியே இருந்தது. அதை அழுத்தினேன், சைக்கிள் அரைச் சுற்றுக்கூட நகரவில்லை. இடது கால் பெடலைத் தேடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே வண்டி வலது பக்கம் சாய்ந்தது, பூட்டிய காலின் பக்கம், நடுப்பாதைப் பக்கம். குதிகாலைத் திருப்ப வேண்டும் என்ற நினைப்பு வருவதற்குள் முழங்கை தாரில் இடித்தது. பின்னால் எந்த வாகனமும் வரவில்லை.

மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இரண்டு அக்காமார் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். "கால் மாட்டிக்கிச்சா டீச்சர்?" என்று கேட்டு ஒருவர் சைக்கிளைத் தூக்க, மற்றவர் சப்பாத்தைத் திருப்பிக் காலை விடுவித்தார். போத்தலில் வைத்திருந்த வெறுந்தேத்தண்ணியை மூடியில் ஊற்றி, என் உள்ளங்கையில் சீனி வைத்தார்கள். சீனியை நக்கி நக்கிக் குடித்து முடிக்கும்போது கை நடுக்கம் நின்றிருந்தது.

மிச்ச மேட்டை நடந்துதான் ஏறினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

முழங்கை வீங்கியிருக்கிறது. மடக்க முடிகிறது.

அண்ணனிடம் போனில் பேசினேன். "நிற்குமுன்னாடியே கழற்றணும் தங்கச்சி, அதை மறந்துட்ட" என்றார். இல்லை அண்ணா, நான் கழற்றினேன், நின்றேன், கிளம்பும்போதுதான் விழுந்தேன் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. அவர் ஓட்டுவது கொழும்பில். அங்கே ஒரு தள்ளுத் தள்ளினால் வண்டி தானாகப் பத்தடி உருளும், அதற்குள் இரண்டாவது காலை மெதுவாகப் பூட்டிக்கொள்ளலாம். இங்கே அந்தப் பத்தடி இல்லை. ஏற்றத்தில் ஒரு மிதியோடு வண்டி நின்றுவிடும்.

கிளிப்லெஸ் பழகுகிறவர்களுக்கு எல்லாரும் சொல்வது கழற்றுவதைப் பற்றித்தான். மலைநாட்டில் கழற்றுவது பாதிப் பாடம். ஏற்றத்தில் கிளம்புவது மற்றப் பாதி, கடினமான பாதி. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதை வாசிக்கிற மலையகத்துப் பிள்ளை யாராவது இந்தப் பெடல் வாங்க நினைத்தால், முதல் நாளிலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

ஜனவரி 22, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் தொழிற்சாலை மேட்டுக்குப் போனேன். கொழுந்து லொறி வந்து போன பிறகு அந்தப் பாதையில் ஆளே இருக்காது. ஒரே இடத்தில் நின்று நின்று கிளம்பினேன். நாற்பது தடவைக்கு மேல் இருக்கும். கண்டுகொண்டது இவ்வளவு.

கியர் முதல் விஷயம். சனிக்கிழமை நான் இறக்கத்தில் வந்த கனமான கியரிலேயே ஏற்றத்தில் நின்றுவிட்டேன். நிற்கப் போகிறேன் என்று தெரிந்தவுடனே, சக்கரம் உருளும்போதே, இலேசான கியருக்கு மாற்றிவிட வேண்டும். நின்ற பிறகு மாற்ற முடியாது. மறந்துவிட்டால் வெட்கப்படாமல் இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றி மாற்றலாம். ஆக இலேசான கியரும் சரிவரவில்லை. ஒரு மிதிக்கு வண்டி கையளவுகூட நகராது, சமநிலை கிடைக்காது. அதிலிருந்து இரண்டு படி கனமாக வைத்ததுதான் எனக்குப் பிடிபட்டது.

பிறகு காலின் இடம். பூட்டிய வலது பெடலைக் கடிகாரத்தின் இரண்டு மணி முள் நிற்கிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பன்னிரண்டில் இருந்தால் அழுத்தம் வீண், மூன்றைத் தாண்டினால் தள்ள இடமில்லை. பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பெடலில் பாரத்தை ஏற்றி, பிரேக்கை விடுவதும் இருக்கையில் ஏறுவதும் ஒன்றாக நடக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. இடது காலை உடனே பூட்டத் தேவையில்லை! சப்பாத்தின் நடுப்பாதத்தைப் பெடல் மேல் சும்மா வைத்து மிதித்தால் போதும். வழுக்கினாலும் வலது கால் இழுத்துக்கொடுக்கும். ஐந்தாறு மிதி மிதித்து வண்டி வேகம் பிடித்த பிறகு, குனிந்து பார்க்காமல் காலைப் பின்னுக்கு நகர்த்தினால் கிளீட் தானாக இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இந்தப் பெடல் இரண்டு பக்கமும் கவ்வும் என்பது இந்த நேரத்தில்தான் எவ்வளவு பெரிய உதவி என்று புரிகிறது.

அப்புறம், பாதையில் வாகனம் இல்லையென்றால் நேரே மேலே பார்த்துக் கிளம்பாமல் சற்றுக் குறுக்காகக் கிளம்பலாம். சரிவு குறையும். இருபுறமும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான். வளைவில் ஒருபோதும் வேண்டாம்.

நிற்பதிலும் ஒரு வித்தியாசம். சமதரையில் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காலைக் கழற்றலாம். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நிற்கும். ஆகவே மிதித்துக்கொண்டே, கால் கீழே வருகிற சுற்றில் கழற்ற வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலி, நேற்றிலிருந்து. படி இறங்கும்போது தெரிகிறது. தட்டைப் பெடலில் கால் தனக்கு வசதியான கோணத்தைத் தேடிக்கொள்ளும், இங்கே கிளீட் வைத்த கோணம்தான். இருபக்கமும் கொஞ்சம் அசைய இடம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். வலது பாதம் நேராகத் தொங்குகிறது, இடது பாதம் வெளிப்பக்கம் பார்க்கிறது. கிளீட் இரண்டையும் ஒரே மாதிரி நேராகப் பூட்டியிருந்தோம். பழைய இடத்தைப் பேனாவால் வரைந்து வைத்துக்கொண்டு, இடது கிளீட்டை ஒரு மயிரிழை திருப்பினேன். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டு நாள் ஓட்டாமல் இருக்கப்போகிறேன்.

ஜனவரி 30, வியாழன்

வலி இல்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

அண்ணன் இன்னொரு சோடி கிளீட் அனுப்பியிருந்தார். பெடலோடு வந்தது எஸ்எச்51, குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். இது எஸ்எச்56, பல கோணத்தில் விடும், பலமாக மேலே இழுத்தாலும் விடும். புதியவர்களுக்கு இதுதான் நல்லது என்று பலர் சொல்கிறார்கள்.

போட்டு ஓட்டினேன். நிற்பது நிஜமாகவே சுலபம், பதற்றத்தில் எப்படி இழுத்தாலும் கால் வந்துவிடுகிறது. ஆனால் தொழிற்சாலை மேட்டில் எழுந்து நின்று இழுத்து மிதித்தபோது வலது கால் தானாகக் கழன்று, ஹேண்டிலில் நெஞ்சு மோதப் பார்த்தது. திருகை இறுக்கிப் பார்த்தேன், குறைந்தது, முழுதாகப் போகவில்லை. சமதரையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் தயங்காமல் 56ஐச் சொல்வேன். என் ஏற்றத்துக்கு 51தான். மாலையே மாற்றிவிட்டேன்.

பெப்ரவரி 8, சனி

தோட்டப் பாதையில் இறங்கி நடந்த இடத்தில் செம்மண் சப்பாத்துக் குழியை அடைத்துவிட்டது. எவ்வளவு மிதித்தும் பூட்டவில்லை. ஒரு தேயிலைக் குச்சியை ஒடித்துத் தோண்டி எடுத்தேன். இனிப் பையில் ஒரு பழைய பல்துலக்கி.

பெப்ரவரி 12, புதன், போயா

தலவாக்கலை போய் வந்தேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பும்போது கைவிரல் விறைத்தது. டெவோன் நீர்வீழ்ச்சி பார்க்கிற இடத்தில் பனி மூட்டம், சத்தம் மட்டும் கேட்டது. சென்கிளேயர் பக்கம் வரும்போது வெயில் வந்துவிட்டது. இறக்கத்தில் கல்லும் பள்ளமும் குலுக்கியும் கால் பெடலை விட்டு அசையவில்லை. இதற்காகத்தான் மாறினேன். தலவாக்கலை பஜாரில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டேன், கடைக்காரத் தம்பி என் சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டு அடியைத் திருப்பிக் காட்டச் சொன்னான்.

திரும்பும்போது பத்தனை தாண்டி, விழுந்த அதே வளைவு. வேண்டுமென்றே அங்கே நின்றேன். உருளும்போதே கியரை மாற்றி, மிதித்துக்கொண்டே இடது காலைக் கழற்றி, கானுக்கு ஒரு எட்டு தள்ளி. ஒரு வேன், இரண்டு ஆட்டோ போக விட்டேன். வலது பெடல் இரண்டு மணியில். அழுத்தினேன், நகர்ந்தது. இடது நடுப்பாதத்தால் எண்ணி ஆறு மிதி, ஏழாவதில் டக்.

வீட்டுக்கு வந்து கிளீட் போல்ட் நான்கையும் சரிபார்த்தேன். இடதில் ஒன்று இளகியிருந்தது. கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து இறுக்கினேன். சனிக்கிழமை நானுஓயா வரை.